கடைசி ஐம்பது மீட்டர்

பூகம்பத்தை ஆராய்ச்சி செய்கிறவள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அடுத்தது எப்போ வரும்?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பல் டாக்டரிடம் போய் யாராவது அடுத்த பல்வலி எப்போது வரும் என்று கேட்கிறார்களா? வரப்போவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வந்த பூகம்பத்தின் அதிர்வு பூமிக்குள் எங்கெங்கே போய்த் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

என் அக்கா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. "பூமிக்கு நட்ட நடுவுல என்னடி இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். நடுவில் கெட்டி இரும்பில் ஓர் உருண்டை இருக்கிறது. அதைச் சுற்றி உருகிய இரும்பு. கெட்டியும் குழம்பும் சந்திக்கிற எல்லை நம் காலுக்குக் கீழே ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. எங்கேயாவது தரை குலுங்கினால் அந்த அதிர்வு கீழே இறங்கி, உருண்டையின் முதுகில் பட்டு, எதிரொலியாக மேலே ஏறி வரும். அந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

"அப்ப பூமியும் உன்ன மாதிரிதான்னு சொல்லு. வெளிய கொதிப்பு, உள்ள கல்லு" என்றாள் அக்கா.

அவள் வாய்க்கு நான் ஈடு கொடுக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எதிரொலி போய்வரப் பதினாறரை நிமிஷம் ஆகும். வந்து சேரும்போது அதில் உயிரே இருக்காது. பக்கத்து அறையில் கதவைச் சாத்தினால் போதும், அது காணாமல் போய்விடும். அதனால் சத்தமில்லாத இடங்களாகத் தேடித் தேடிக் கருவிகளை வைத்திருக்கிறோம். ஒரு கல்குவாரியின் காவல் அறை, ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய ஸ்டோர் ரூம், கைவிட்ட பம்ப் ஹவுஸ் என்று ஊரைச் சுற்றி மொத்தம் பதினான்கு. பதினான்காவது, அக்கா வீட்டு நிலவறை.

அக்கா வீடு ஒரு சரிவான தெருவின் அடிக்கோடியில் இருக்கிறது. தெரு அங்கே முட்டி நின்றுவிடும், வண்டிப் போக்குவரத்து கிடையாது. சத்தம் என்று இருந்தால் அது அக்காவின் சத்தம்தான். அவள் தையல்காரி. முன்னறையில் மூன்று மோட்டார் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். மூன்றின் மோட்டாரும் பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், கீழே இருக்கும் கருவிக்கு இடி இடிக்கிற மாதிரி. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். பெரிய பூகம்பம் எங்கேயாவது வந்தால் எங்கள் ஆபீஸில் மணி அடிக்கும். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டு உறுதி செய்ய ஒன்பது பத்து நிமிஷம் ஆகும். உடனே ஆபீஸ் போனிலிருந்து அக்காவுக்கு அடிப்போம். அவள் எடுக்கக் கூடாது. மூன்று மிஷினையும் நிறுத்திவிட்டு, போனையும் அணைத்துவிட்டு, நாற்காலியில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரொலி இன்னும் பூமிக்குள்தான் வந்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் போனை எடுத்து, "எந்த ஊர்லடி? ஐயோ பாவம்" என்று பேசிக்கொண்டே வீடு முழுக்க நடந்தாள். பதிவு பாழாய்ப் போனது. நான் கத்திய கத்தலில் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒருதடவைகூட அவள் தவறியதில்லை.

"உன் தங்கச்சி ஒரு ரிங்கு விட்டா நீ சிலையாயிடுற. நான் இத்தனை வருஷமா கத்துறேன், ஒரு நிமிஷம் வாய மூடுனதில்ல" என்பார் அத்தான். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருக்கு எல்லாமே கேலிதான். ஆனால் அந்தக் கருவியைப் பற்றி அவருக்கு உள்ளூரப் பெருமை. எதிர்வீட்டு நர்ஸம்மாவின் சுவரில் போன வருஷம் ஒரு கீறல் விட்டபோது அவர்தான் தைரியம் சொன்னார். "எங்க வீட்டுக் கீழ மிஷின் வச்சிருக்காங்கம்மா. எறும்பு தும்முனாக்கூட என் மச்சினிக்குத் தெரிஞ்சிடும். ஒண்ணுன்னா அவ சொல்ல மாட்டாளா?" தெரு முழுக்க அதை நம்பியது. நிலவறையின் சின்ன ஜன்னல் தெரு மட்டத்தில் இருக்கும். அதன் வழியாகக் கருவியின் பச்சை விளக்கு தெரியும். போகிற வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கடலுக்கு அந்தப் பக்கம், ஆறு வருஷத்துக்கு முன் குலுங்கிய அதே இடம், அதே ஆழத்தில், அதே அளவில் மறுபடியும் குலுங்கியது. இப்படி இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டு பூகம்பம் கிடைப்பது அபூர்வம். ஒரே கை ஒரே கதவை இரண்டு தடவை தட்டுகிற மாதிரி அது. எதிரொலி மாறியிருந்தால் வீட்டுக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். பதின்மூன்று கருவிகளில் அச்சு அசலாகப் பொருந்தியது. அக்கா வீட்டுக் கருவியில் மட்டும் எதிரொலி பத்தில் ஒரு நொடி தாமதம்.

கடிகாரத்தைச் சோதித்தோம். சரியாக இருந்தது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயரை நாங்கள் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவோம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அவரே கடிகாரத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் கீழே, அந்த உருண்டையின் மேற்பரப்பில், ஆறே வருஷத்தில் அரை கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. உலகத்தில் எவனும் இதைப் பார்த்ததில்லை. எங்கள் டைரக்டர், ரிட்டையராக ஒரு வருஷம் இருக்கிற மனிதர், அன்று வராந்தாவில் செருப்பில்லாமல் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். நான் அக்காவுக்குப் போன் போட்டு, "உன் வீடு என்னைப் பெரிய ஆளாக்கப் போகுதுக்கா" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் ஏன் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் ஆசை யாரை விட்டது?

கட்டுரை எழுதி முடித்து, வெளியில் அறிவிக்க ஒரு வாரம் இருக்கும்போது சந்தேகம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுப்பேன். கேளுங்க."

"மத்த பதிமூணு கருவிக்கு வர்ற அலையும் இதுக்கு வர்ற அலையும் கிட்டத்தட்ட ஒரே வழியிலதான் வருது. வழி பிரியறது ரெண்டு இடத்துல. அடியில, அந்த உருண்டை மேல பட்டுத் திரும்புற இடத்துல ஒண்ணு. மேல, கருவிக்கு வந்து சேர்ற இடத்துல இன்னொண்ணு. தாமதம் அடியிலதான்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

"மேல என்ன இருக்கு தாமதமாக? வெறும் மண்ணு."

"அதான். மண்ணு இறுக்கமா இருந்தா அலை ஓடி வரும். ஊறி, தளந்து போயிருந்தா ஊர்ந்து வரும்." அவர் டீயை மேஜையில் வைத்தார். "கணக்குப் போட்டுப் பாத்தேன். அடியில அரை கிலோமீட்டர் பள்ளம் விழணும். இல்லேன்னா மேல கடைசி ஐம்பது மீட்டர் கெட்டுப் போயிருந்தாப் போதும். ரெண்டுக்கும் அதே பத்துல ஒரு நொடிதான்."

"வாயக் கழுவுங்க" என்றேன். என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

"நானும் அப்படித்தாங்க வேண்டிக்கிறேன்."

இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று இருந்தது. உட்கரு என்கிற அந்த இரும்பு உருண்டைவரை போகாமல் பாதி வழியிலேயே திரும்பி வருகிற அலைகள் நிறைய உண்டு. அவையும் அக்கா வீட்டில் தாமதமாக வந்தால் குற்றம் வீட்டுக்கு அடியில். சரியான நேரத்துக்கு வந்தால் குற்றம் பூமியின் நடுவில். ஆனால் எங்கள் இரட்டைப் பூகம்பத்தில் அந்த அலைகள் எதிரொலிக்கு முன்னாலேயே வந்துவிடும், நாங்கள் போன் அடிப்பதற்கும் முன்னால். இரண்டு தடவையும் அந்த நேரத்தில் அக்கா யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். பதிவில் இருந்ததெல்லாம் தையல் மிஷின். மற்ற நாட்களில் வந்த சாதாரணப் பூகம்பங்களை நாங்கள் கேட்டு வாங்கியதே இல்லை. அவை அக்கா வீட்டிலேயே, கருவியின் டிஸ்க்கில் கிடந்தன. எங்களுக்கு வேண்டியது உட்கரு. மற்றதெல்லாம் குப்பை என்றுதான் எங்கள் ஆபீஸில் பேச்சு.

"முதல்ல கருவிய ஒரு தடவ நேர்ல பாத்துடுவோம். ஸ்டாண்டு ஆடுதோ என்னவோ" என்றார் சந்தேகம். ஸ்டாண்டு ஆட வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனேன்.

தெரு முட்டி நிற்கிற இடத்தில் நடைபாதையை வெட்டிப் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். பூசிய இடம் அதற்குள் தட்டு மாதிரி குழிந்திருந்தது. அத்தான் வாசல் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தார்.

"வாங்க விஞ்ஞானி! பாருங்க உங்க அக்கா கதவ. இதோட நாலு தடவ சீவிட்டேன். வீட்டுக்காரி மாதிரியே குண்டாகிட்டே போவுது."

உள்ளே அக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறந்த புதிது, தலைக்கு மேல் வேலை. அப்படியிருந்தும் எழுந்து வந்து கன்னத்தைக் கிள்ளினாள். கை கழுவப் பாத்ரூமுக்குப் போனேன். தரையில் விழுந்த தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகவில்லை. எதிர் மூலைக்கு ஓடி, சுவரோரம் தேங்கி நின்றது.

"அது ரெண்டு மாசமா அப்படித்தான்டி. துணி போட்டுத் துடைச்சுடுவேன்" என்றாள் அக்கா வெளியிலிருந்து.

நிலவறையில் சந்தேகம் மண்டியிட்டுக் கருவியின் மேல் இருக்கும் மட்டக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டு ஆடவில்லை. சிமென்ட் தரையில் நான்கு போல்ட்டும் அப்படியே இறுகிப் பிடித்திருந்தன. குமிழி மட்டும் ஓரத்துக்குப் போயிருந்தது.

"வர்றப்பெல்லாம் இதச் சரி பண்ணுவேன். எல்லாக் கருவிக்கும் கொஞ்சம் பண்ணணும்தான்" என்றார். பிறகு மிக மெதுவாக, "இங்க மட்டும் எப்பவும் இதே பக்கத்தத்தான் தூக்கி வைக்கிறேன்" என்றார்.

நான் சுவரில் காதை வைத்தேன். சில்லென்று இருந்தது. எங்கேயோ கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயில் ஓடுகிற மாதிரி இல்லை. விட்டுவிட்டு, எதையோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி.

மேலே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"அக்கா, ரெண்டு நாள் என் வீட்டுக்கு வந்து இருங்களேன். ரெண்டு பேரும்."

"எதுக்கு? இந்த யூனிஃபார்ம யாரு தைப்பா, உங்க டைரக்டரா?"

"சும்மாதான். எனக்கு ஒரு சந்தேகம்."

"சந்தேகம்னு நீ ஒரு ஆளையே கூட்டிட்டுத்தான வந்திருக்க." சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இங்க பாரு. நீ ஆபீஸ் போய் என்ன பாக்கணுமோ பாரு. பாத்துட்டு, 'அக்கா, கிளம்பு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. கைல இருக்கறதப் போட்டுட்டுக் கிளம்பிடறேன். சந்தேகத்துக்கெல்லாம் கிளம்பினா இந்தத் தெருவுல எனக்கு என்ன மரியாதை?"

எனக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாததைச் சொல்லக் கூடாது என்று பழகிப்போன வாய் இது.

ராத்திரி கண் மூடவில்லை. காலையில் ஆபீஸ் போனதும், குப்பை என்று விட்டிருந்த சாதாரணப் பூகம்பங்களையெல்லாம் அனுப்பச் சொல்லி அக்கா வீட்டுக் கருவியைக் கேட்டேன். அக்கா தூங்குகிற நேரத்தில், வீடு அமைதியாக இருந்தபோது வந்தவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். கருவி வைத்த முதல் மாதத்துப் பதிவுகள் எங்களிடமே இருந்தன. இரண்டையும் பக்கத்துக் கருவிகளோடு ஒப்பிட்டேன்.

எல்லாம் தாமதம். வடக்கிலிருந்து வந்ததும் தாமதம், தெற்கிலிருந்து வந்ததும் தாமதம். உட்கருவின் பக்கமே போகாத அலையும் அதே அளவு தாமதம். பள்ளமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. பூமியின் நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. மாதாமாதம் தாமதம் கூடிக்கொண்டே வந்திருந்தது. கடைசி மூன்று வாரத்தில் கோடு செங்குத்தாக ஏறியது.

டைரக்டரைக் கூப்பிட்டேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவருடைய வாழ்நாள் கனவு அந்தத் திரையில் செத்துக் கிடந்தது. ஒரு நிமிஷம்கூட அதைப் பற்றி அவர் பேசவில்லை.

"போன் பண்ணும்மா" என்றார். "நான் முனிசிபாலிட்டிக்குப் பண்றேன்."

கை கால் ஓடாத அவசரத்தில் மேஜைமேல் இருந்த போனை எடுத்து அக்கா நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. நின்றுபோனது. மறுபடி போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

அப்போதுதான் உறைத்தது. நான் அடித்தது ஆபீஸ் போனிலிருந்து.

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். சந்தேகம் ஓடி வந்தார். அக்கா வீட்டுக் கருவியை நேரடியாக அனுப்பச் சொல்லித் திரையில் போட்டார். தையல் மிஷினின் அடர்த்தியான கிறுக்கல் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மிஷின் நின்றது. அடுத்தது நின்றது. மூன்றாவதும் நின்றது. நாற்காலி இழுபடுகிற ஒரு சின்ன அதிர்வு. பிறகு அமைதி. என் அக்கா எனக்காக அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அமைதியில்தான் அது தெரிந்தது. கோடு தட்டையாக இல்லை. சொடுக்குப் போடுகிற மாதிரி ஒரு துடிப்பு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு துடிப்பு. இத்தனை நாளும் அவை கண்ணில் பட்டிருக்கின்றன. கத்தரிக்கோல் கீழே விழுந்திருக்கும், அத்தான் செருப்பைக் கழற்றியிருப்பார் என்று தள்ளிவிடுவோம். இப்போது அங்கே கத்தரிக்கோலும் இல்லை, செருப்பும் இல்லை.

"கீழ மண்ணு பிடி விடுது" என்றார் சந்தேகம். சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம்.

வண்டியில் அத்தானுக்கு அடித்தேன். வேன் ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார். நல்ல பழக்கம்தான், அன்றைக்கு அது எனக்கு எமனாக இருந்தது. அரை மணி நேரம் ஆகிற வழி. ஒவ்வொரு சிக்னலிலும் நான் உரக்கத் திட்டினேன். சிவப்பு விளக்கைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், சொன்னபடி கேட்கிற அக்காவையும் திட்டினேன்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. அது இனி சாத்தாது போலிருந்தது. முன்னறையில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"அக்கா, எழுந்திரு."

"முடிஞ்சிடுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"பூகம்பமே இல்லக்கா."

"அப்புறம் எதுக்குடி அடிச்ச?"

"கிளம்புன்னு சொல்ல அடிச்சேன். பாத்துட்டேன். அக்கா, கிளம்பு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். எழுந்தாள். முதல் மிஷினின் மேல் கையை வைத்தாள், அவளுடைய முதல் சம்பாத்தியம் அது. நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். கூடவே வந்தாள்.

தெருவில் நின்று சந்தேகம் கத்திக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் திறந்தன. ராத்திரி வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த நர்ஸம்மா தலையை முடிந்தபடி வெளியே வந்தாள்.

"என்ன சத்தம் இது?"

"எல்லாரும் வெளிய வாங்க. தெரு உள்ள போகப் போகுது" என்றேன்.

"யாரு சொன்னது? முனிசிபாலிட்டியா?"

"நான் சொல்றேன்."

நர்ஸம்மா குனிந்து நிலவறை ஜன்னலைப் பார்த்தாள். "பச்ச விளக்கு எரியுதேம்மா. மிஷின் ஓடிட்டுத்தான இருக்கு? அப்புறம் என்ன?" மேல் வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். மிஷின் இருக்கிறதே, மிஷின் இருக்கிறதே என்று. ஆறு வருஷமாக அந்த விளக்கைக் காவல் விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது பூமியின் நடுவைக் கேட்கிற கருவி, உங்கள் வீட்டைக் கேட்கிறதில்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். டைரக்டர் போன் செய்தார்: முனிசிபாலிட்டி சாயங்காலத்துக்குள் ஆள் அனுப்புகிறதாம்.

சந்தேகத்தின் பையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் ஓடினேன்.

நிலவறைப் படியில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. நேற்றுக் காதை வைத்தால்தான் கேட்டது, இன்று படியிலேயே கேட்டது. தரையில் என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. அதன் வழியாக ஈரக் காற்று மேலே வந்தது. எனக்கு உயிர்ப் பயம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மண்டியிட்டு முதல் போல்ட்டைத் திருகினேன். கை வழுக்கியது.

"அறிவிருக்காடி உனக்கு! மேல வா!" படியில் அக்கா.

"நீ ஏன்க்கா வந்த? போ வெளிய!"

"அந்தச் சனியனுக்காகவா உயிர விடுற?"

"இத எடுத்துட்டுப் போனாத்தான் அவங்க நம்புவாங்க!"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கழற்றிய பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். நாலாவது போல்ட் வரவில்லை. சிமென்டோடு பெயர்த்தோம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம்.

சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். நர்ஸம்மா ஜன்னலைப் பார்த்தாள். அங்கே விளக்கு இல்லை.

"அதையே எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஓடினாள். ஒரு பையோடும், தூக்கக் கலக்கத்திலிருந்த மகளோடும் செருப்புப் போடாமல் வெளியே வந்தாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் சொன்ன நூறு வார்த்தைக்கு அசையாதவர்கள், நாங்கள் அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். அத்தான் வேனோடு வந்து சேர்ந்தார். ஒரு கேலியும் பேசாமல் வயதானவர்களை ஏற்றி ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில், முனிசிபாலிட்டி ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது அது போனது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தெருக்கோடியில் தார் பூசிய இடம் முதலில் காணாமல் போனது. பிறகு அக்கா வீடு, யாரோ கீழே பிடித்து இழுத்த மாதிரி, நின்றபடியே இறங்கியது. எதிரில் நர்ஸம்மாவின் வீடு அந்தக் குழிக்குள் சாய்ந்தது. பழைய சாக்கடை ஒன்று தெருவுக்கு அடியில் உடைந்து வருஷக்கணக்காக மண்ணைக் கரைத்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஒரு உயிருக்கும் சேதமில்லை. நர்ஸம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்" என்று அழுதாள்.

அக்கா அழவில்லை. புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"இன்னைக்குக் காலைலதான்க்கா."

"ஏதோ மாறியிருக்குன்னு எப்போ தெரியும்?"

"எட்டு மாசமா. ஆனா அது பூமிக்கு நடுவுலன்னு நெனச்சோம்."

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசமா நான் அதுமேல படுத்துத் தூங்கியிருக்கேன். நீ அத வச்சுச் சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்க."

அத்தான், "விடு, அவதான நம்மளக் காப்பாத்துனா" என்றார். அக்கா அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"என் வீட்டுக்கு வாக்கா. ரெண்டு ரூம் இருக்கு. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் வீட்டுக்கு அடில என்ன இருக்குன்னு பாத்திருக்கியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன்.

அவள் தலையசைத்தாள். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்றிச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, அத்தானின் தங்கை வீட்டுக்குப் போக வேனில் ஏறி உட்கார்ந்தாள்.